பயத்துக்குப் பணிவிடை செய்யாதீர்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். அம்மாவின் ஒரு கையில் தகரப் பெட்டி, இன்னொரு கையில் பக்கெட்டும் தட்டும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை. கல்வராயன் மலையின் உள் கிராமங்களிலிருந்து உண்டு உறைவிடப் பள்ளியில் சேர வந்த பிள்ளைகள் அவை. பால்பல் விழாத வயதில் வீட்டை விட்டு விடுதிக்கு வருவது லேசான காரியம் இல்லை.

இந்த மலைப் பள்ளிகளில் முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். போன ஜூனில் அதே நிறுத்தத்தில், என்னிடம் படித்த ஒரு பெண் தன் மகனோடு நின்றிருந்தாள். "டீச்சரம்மா, இவன் என்னை விட்டு ஒரு அடி நகர மாட்டேங்கிறான். கொல்லைப்பக்கம் போனாலும் கூடவே வரான். நீங்க ஏதாச்சும் சொல்லி இவனை மாத்துங்க" என்றாள். "அவனை விடு. நீ மாறு, போதும்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. பஸ் வர நேரமிருந்தது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும், முதல் முறை விடுதிப் பொறுப்பேற்கிற இளம் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

1. பயத்தைக் குற்றமாக்காதீர்கள்.

பயந்த பிள்ளை நடிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் "வவுத்த வலிக்குது" என்று சுருண்டு படுக்கிறதே, அந்த வலி நிஜம். பயம் வயிற்றில்தான் முதலில் உட்காரும். ஒருமுறை டாக்டரிடம் காட்டி, வயிற்றில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை வராத வலி திங்கட்கிழமை மட்டும் ஏன் வருகிறது என்று யோசியுங்கள். "கோழைப்பய", "உன் தம்பியைப் பாரு" என்ற பேச்செல்லாம் வேண்டாம். சில பிள்ளைகள் பிறவியிலேயே கூச்சமும் அச்சமும் கூடியவை. அது வளர்ப்புக் குறையும் இல்லை, முன்வினையும் இல்லை.

2. ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளையைப் பற்றி எழுத அல்ல, உங்களைப் பற்றி எழுத.

பிள்ளையின் பயத்துக்காக நீங்கள் செய்கிற வேலைகளை ஒரு வாரம் எழுதி வையுங்கள். ராத்திரி கூடவே படுப்பது. "நாளைக்கு வருவியா?" என்ற ஒரே கேள்விக்குப் பதினைந்து தடவை பதில் சொல்வது. கடையில் அவனுக்குப் பதிலாக நீங்கள் பேசுவது. "வகுப்பில் இவளை எழுந்து படிக்கச் சொல்லாதீங்க" என்று டீச்சரிடம் சிபாரிசுக்குப் போவது. பிள்ளைக்குக் கூட்டம் ஆகாது என்று சொந்தத் தம்பி மகன் காதுகுத்துக்கே போகாமல் இருப்பது. இவை ஒவ்வொன்றும் பாசத்தில் செய்ததுதான். ஆனால் வாரக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படித்தால், வீட்டில் யார் சொன்னபடி எல்லோரும் நடக்கிறோம் என்று தெரிந்துவிடும். பயம் உத்தரவு போடுகிறது. மொத்தக் குடும்பமும் பணிவிடை செய்கிறது.

என் பட்டியல் நீளமானது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொடுத்த நான், என் சொந்த மகனைப் பதினான்கு வயது வரை தனியாகப் படுக்க விடவில்லை. கல்லூரி விடுதியில் சேர்த்த பிறகு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் போட்டேன். ஒரு நாள் காப்பாளரே எடுத்தார். "அம்மா, உங்க பையன் நல்லாத்தான் இருக்கான். உங்க போன் அடிக்கும்போதுதான் முகம் வாடுது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பாடம் ஆரம்பமானது.

3. வெள்ளம் வடியும் வரை கரையில் நிற்கப் பழக்குங்கள்.

மலையில் ஒரு பாட்டம் மழை அடித்தால் ஓடை முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடும். வெளியூர்க்காரன் பதறுவான். நம் ஆட்கள் பாறை மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும், பலமுறை பார்த்திருக்கிறார்கள். பயமும் அப்படித்தான் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானே இறங்கும். அது ஏற ஆரம்பித்த உடனே நாம் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால், அது இறங்குவதைப் பிள்ளை பார்க்கவே போவதில்லை. "அம்மா வந்ததால் தப்பித்தேன்" என்று மட்டும் மனசில் பதியும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கூப்பிடும்.

4. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"உனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தெரியுது." இது முதல் வாக்கியம். "உன்னால தாங்கிக்க முடியும், அதுவும் எனக்குத் தெரியும்." இது இரண்டாவது. நம் வீடுகளில் அம்மா முதல் பாதியை மட்டும் சொல்லிக் கட்டிக்கொண்டு அழுவாள். அப்பா இரண்டாம் பாதியை மட்டும் அதட்டலாகச் சொல்வார். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வர வேண்டும். "பயப்பட ஒண்ணுமே இல்ல" என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு உள்ளே அடித்துக்கொள்கிறது, நீங்கள் இல்லை என்கிறீர்கள், அப்போது பொய் சொல்வது நீங்கள்தான். "ஒண்ணும் ஆகாது, நான் சத்தியம் பண்றேன்" என்றும் சொல்லாதீர்கள். சத்தியம் பழகினால் தினமும் ஒன்று கேட்கும்.

5. "பயம் புள்ளைக்கு, பாடம் எனக்கா?" என்று கேட்கிற தகப்பன்மாருக்கு.

இது பள்ளிக்கூடத்து அனுபவம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் இதையே முறையாகச் செய்து பார்த்திருக்கிறார். பதற்ற நோய் உள்ள, 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்தார்கள். மற்ற பகுதியில் பிள்ளைகளைச் சிகிச்சைக்கு அழைக்கவே இல்லை. பெற்றோரை மட்டும் வாரம் ஒருமுறை, 12 வாரம் வரச்சொன்னார்கள். பிள்ளையை எப்படி மாற்றுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பயத்துக்கு இணங்கிப் போவதை எப்படிக் குறைப்பது, பிள்ளைக்கு ஆதரவாக எப்படிப் பேசுவது, இவ்வளவுதான். 2019-ல் முடிவு வெளியானது. நேரடிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்குக் குறையாமல், பெற்றோர் மட்டும் பாடம் கேட்ட பிள்ளைகளும் குணமடைந்திருந்தார்கள். ஒரு நாள்கூடச் சிகிச்சைக்கு உட்காராத பிள்ளைகள்! தாய் தகப்பன் மாறினால் அதுவே மருந்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

6. பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் எடுங்கள்.

பத்தையும் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளைக்கு வீடே அந்நியமாகிவிடும். தினமும் நடப்பதாக, உங்கள் கையில் இருப்பதாக ஒன்றைப் பொறுக்குங்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது அறிவிக்காதீர்கள். சாப்பிட்டு நிம்மதியாக இருக்கும்போது சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். "இனிமே அழக்கூடாது" என்றால் அது அவன் கையில் இருக்கிறது, உங்களால் நடத்திக்காட்ட முடியாது. "இனிமே ராத்திரி 'நாளைக்கு வருவியா'ன்னு கேட்டா ஒரு தடவை பதில் சொல்லுவேன். அடுத்த தடவை சொல்ல மாட்டேன், தலையைத் தடவிக் கொடுப்பேன்" என்றால் அது உங்கள் கையில் இருக்கிறது. அவன் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

7. ஆயாவிடம் முதலில் பேசுங்கள்.

மலையில் பாதி வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது ஆயாவும் தாத்தாவும்தான். தாய் தகப்பன் மிளகு பறிக்கக் கேரளாவுக்கும், காபித் தோட்ட வேலைக்குக் குடகுக்கும் போயிருப்பார்கள். மாசக்கணக்கில் பிரிந்துவிட்டு வருகிற தகப்பன், குற்ற உணர்ச்சியில் பிள்ளை கேட்டதையெல்லாம் செய்வார். ஆயா, "பச்சப்புள்ளய ஏன்டி அழவைக்கிறே" என்று ஒளித்துவைத்துக் கொஞ்சும். ஒருவர் அடைக்கும் மடையை இன்னொருவர் திறந்துவிட்டால் தண்ணீர் நிற்காது. ஆயாவோடு சண்டை வேண்டாம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "அவன் தனியா படுத்த மறுநாள் காலையில, நீதான் அவனுக்குப் புடிச்சதைச் செஞ்சு தரணும்" என்று சொல்லிப் பாருங்கள். நாலாம் நாள் ஆயாவே உங்கள் கட்சிக்கு வந்துவிடும்.

8. முதல் வாரம் மோசமாகும். அதை எதிர்பார்த்தே தொடங்குங்கள்.

கேட்டால் கிடைத்துவந்த ஒன்று திடீரென்று கிடைக்காவிட்டால் யாரும் இன்னும் சத்தமாகத்தான் கேட்பார்கள். பிள்ளை கத்தும், கதவை உதைக்கும், "உனக்கு என்மேல பாசமே இல்ல" என்று சொல்லும். அந்த நேரத்தில் வாதம் வேண்டாம், விளக்கம் வேண்டாம், அடி வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருங்கள். நாலாம் விதியில் உள்ள இரண்டு வாக்கியத்தை ஒருமுறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மூன்றாம் நாள் மனசு இளகி விட்டுக்கொடுத்தால், மூன்று நாள் கத்தினால் போதும் என்ற பாடத்தை நீங்களே நடத்தியதாக ஆகும். உங்களால் தாங்க முடியாது என்று தோன்றினால் இதைவிடச் சின்ன விஷயத்தை எடுத்துத் தொடங்குங்கள்.

9. விடுதியில் விட்டுவிட்டு ஒளிந்து ஓடாதீர்கள்.

நான் இளம் ஆசிரியையாக இருந்த ஒரு விடுதியில் இதுதான் வழக்கம். பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்து உள்ளே கூட்டிப்போவோம். தாய் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். அழுகை மிச்சம் என்று நினைத்தோம். ஒரு பையன் இரண்டு மாதம் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு வாங்கப் போனாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அம்மா எந்த நிமிஷமும் மாயமாகிவிடுவாள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

சொல்லிவிட்டுப் போங்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் போதும். கேட்டுக்கு வெளியே நின்று எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். எப்போது வருவீர்கள் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள்: "ரெண்டு ஞாயித்துக்கிழமை கழிச்சு வருவேன்." சொன்ன நாளில் மரவள்ளி பிடுங்க வேண்டியிருந்தாலும், சேகோ மில் லாரி வந்து நின்றாலும், போய் நில்லுங்கள். வர முடியாத நாளை ஒருபோதும் சொல்லாதீர்கள். போன் பேசுவதற்கும் ஒரு நாள், ஒரு நேரம் வையுங்கள். டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் அதையும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். விடுதிப் பொறுப்பில் இருக்கும் இளம் ஆசிரியர்களே, புதுப் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், மணி அடிக்கட்டும். அழுகிற பிள்ளைக்குக் கையில் வேலை இருந்தால் கால் ஊன்றும்.

10. தைரியத்தைப் படிப்படியாகக் கொடுங்கள்.

வளர்ந்த பிள்ளையைத் தனியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போய்வரச் செய்ய வேண்டுமா? முதலில் பக்கத்துக் கடையில் உப்பு வாங்கட்டும். பிறகு உங்களோடு பஸ்ஸில் வரட்டும், ஆனால் டிக்கெட் அவன் கேட்கட்டும். அடுத்து அவன் முன் சீட்டில், நீங்கள் பின் சீட்டில். பிறகு கச்சிராயபாளையம் வரை அவன் தனியாக. அங்கே மாமா காத்திருக்கட்டும். கடைசியாகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு, அதே நாளில் அவனே திரும்பட்டும். ஒரு படியில் பயம் அடங்கிய பிறகே அடுத்த படி. பயந்துகொண்டே போய்வந்தவனைத்தான் பாராட்ட வேண்டும். பயமே இல்லாதவன் போய்வந்ததில் என்ன இருக்கிறது?

11. பதின்வயதுப் பிள்ளைகளின் வேலையை அவர்களிடமே விடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, "எனக்குக் கீழ்நாடு ஒத்து வராது" என்று சமவெளி ஊர்களுக்குப் போக மறுத்து வீட்டிலேயே செல்போனோடு கிடக்கிற பையன்கள் இப்போது அதிகம். திட்டினால் கதவு சாத்தும். கெஞ்சினால் தட்டு உள்ளே போகும். இரண்டும் வேண்டாம். சாப்பாடு கூடத்தில்தான் என்று வையுங்கள். விண்ணப்பம், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் அவர்கள் கையாலேயே நடக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பணத்தை எடுக்கப் பிள்ளையே வங்கிக்குப் போகட்டும். படிவத்தில் தப்பு எழுதினால் திரும்ப எழுதட்டும். கவுன்ட்டரில் நாலு பேர் முன்னால் வாய் திறந்து கேட்பதும் ஒரு பரீட்சைதான். அதை நாம் எழுதக் கூடாது.

12. பயம் பிள்ளைக்கா, நமக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று இந்த மலையின் பழங்குடியான மலையாளி மக்கள் கதை சொல்வார்கள். புறப்பட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் கீழே இறங்கப் பயந்தார்கள்? 1976 வரை இங்கே ஜாகீர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் ஆட்சி. கூலியில்லாமல் உழைத்த காலம். தலையைக் குனிந்துகொள், வெளியாளிடம் பேசாதே என்பது அன்றைக்கு உயிர் காத்த புத்தி. காலம் போய்விட்டது, புத்தி மட்டும் சீதனம் போலக் கைமாறி வருகிறது.

இதில் அதிகம் அடிபடுவது பெண் பிள்ளைகள். நன்றாகப் படிக்கிற பெண்ணை, "கீழ்நாடு போனா என்ன ஆகுமோ" என்று பயந்து கல்யாணம் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு பயமே இல்லை; பயம் தகப்பனுடையது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டப்படி குற்றம். அதைவிட, நம் பயத்தைத் தீர்க்க அவள் வாழ்க்கையை விலையாகக் கொடுப்பது அநியாயம்.

13. நிஜ ஆபத்தைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கரடி நடமாடும் காட்டுப் பாதையில் இருட்டில் போக மறுக்கிற பிள்ளை புத்திசாலி. ஓடை பெருகும்போது கடக்க மாட்டேன் என்றால் அதுவும் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனை நாள் சந்தோஷமாகப் போன பிள்ளை திடீரென்று போக மறுத்தால், ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு ஒடுங்கினால், நான் இதுவரை சொன்ன எதையும் அங்கே செய்யாதீர்கள். மடியில் உட்கார வைத்துக் கேளுங்கள். யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொட்டார்களா? சொன்னதை நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கப் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. ஊர் மானம் என்று மூடி மறைப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

14. மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரிடமும் போங்கள்.

வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகவில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. முன்பெல்லாம் விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் ஓட வேண்டும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். அங்கே மனநல டாக்டரைக் கேளுங்கள். பஸ் ஏற முடியாத நாளில் 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். "செத்துடலாம் போல இருக்கு" என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அன்றே பேசுங்கள், தனியாக விடாதீர்கள்.

15. தவறினால் மறுநாள் தொடருங்கள்.

ஒரு ராத்திரி அசதியில் பதினைந்து தடவையும் பதில் சொல்லிவிடுவீர்கள். பரவாயில்லை. நோட்டில் அதையும் எழுதுங்கள். நான் என் மகனுக்கு நாலு போனை இரண்டாக்க ஒரு மாதம், இரண்டை ஒன்றாக்க இன்னொரு மாதம் எடுத்துக்கொண்டேன். இப்போது அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிடுவான். அந்தப் போன் அடிக்கும்வரை எனக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது. கலங்கட்டும் என்று பாத்திரம் துலக்கப் போய்விடுவேன்.

அந்தப் பஸ் நிறுத்தத்துப் பெண்ணுக்கு நான் கொடுத்தது நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பென்சிலும்தான். உங்கள் வீட்டிலும் பழைய நோட்டு ஒன்று இருக்கும். இன்று ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு, அதன் பயத்துக்காக இன்று நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.